கையைத் திருப்பிப் பாருங்கள்

சருமப் பக்கம்: வாசகர் கேள்வி – டாக்டர் பதில்

கேள்வி: டாக்டர், எனக்கு 42 வயது. இதுநாள்வரை முகத்துக்குச் சோப்பைத் தவிர வேறு எதுவும் போட்டதில்லை. போன மாதம் எடுத்த ஒரு ஃபோட்டோவில் கண்ணோரம் கோடு கோடாகவும், கன்னத்தில் திட்டுத் திட்டாகக் கருமையாகவும் தெரிந்தது. அதிலிருந்து மனசே சரியில்லை. என் மகள் ஃபோனில் காட்டியதைப் பார்த்து டோனர், சீரம், ஐ க்ரீம், நைட் க்ரீம் என்று ஏழு பொருள் எழுதி வைத்திருக்கிறேன். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று புரியவில்லை. இந்த வயதில் ஆரம்பித்துப் பலன் உண்டா?

பதில்: அந்த ஏழு பொருள் எழுதிய காகிதத்தை மடித்து ஓரமாக வையுங்கள் அம்மா. அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். பகல் வெளிச்சம் விழும் ஜன்னலோரம் போய் நில்லுங்கள். ஒரு கையைத் தூக்கி, அக்குளுக்கு நான்கு விரல் கீழே, மேற்கையின் உட்பக்கத் தோலைப் பாருங்கள். ஒரே நிறமாக இருக்கும். புள்ளி, திட்டு எதுவும் அநேகமாக இருக்காது. தொட்டால் விரல் வழுக்கிக்கொண்டு போகும். இப்போது அதே கையைத் திருப்பிப் புறங்கையைப் பாருங்கள். மணிக்கட்டைத் தாண்டியதும் நிறம் கூடியிருக்கும். இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளிகள். விரல் முட்டிகளைச் சுற்றிப் பொடிப்பொடியாக வரிகள். இரண்டு தோலும் உங்களோடு ஒரே நாளில் பிறந்தவைதான். ஒன்று 42 வருடம் துணிக்குள் இருந்தது, மற்றது 42 வருடம் வெயில் பட்டது. ஃபோட்டோவில் நீங்கள் ‘வயசாகிவிட்டது’ என்று பார்த்தீர்களே, அதில் பெரும்பங்கு வெயில் எழுதிய கணக்கு.

26 வருடமாக, முதல்முறை வருகிறவர்களின் கையில் கண்ணாடியைக் கொடுப்பதற்கு முன்னால் நான் காட்டுவது இதைத்தான். பார்த்ததும் பலர் முகத்தில் ஒரு நிம்மதி வருவதைக் கவனித்திருக்கிறேன். வயதை யாராலும் நிறுத்த முடியாது. வெயிலைத் தடுக்க முடியும்.

வெயிலில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் இரண்டு வகை தரைவரை வருகின்றன. யூ.வி.பி. மேல்தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும். எரிவதால் நமக்குத் தெரிந்துவிடும். யூ.வி.ஏ. சத்தமே இல்லாமல் அடித்தோல்வரை இறங்கும். அங்கே கொலாஜன் என்ற புரதம், கட்டிலுக்குப் பின்னிய கயிறு மாதிரி, தோலை இழுத்துப் பிடித்திருக்கிறது. அந்தக் கயிற்றை அறுக்கும் நொதிகளை இந்தக் கதிர் கிளப்பிவிடுகிறது. கயிறு தளர்ந்தால் கட்டில் நடுவில் தொய்கிறது, தோலும் அப்படித்தான். மேகமூட்டமான நாளிலும் யூ.வி.ஏ. வரும், சாதாரண ஜன்னல் கண்ணாடியைத் தாண்டியும் வரும். 2012-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் 69 வயது ஓட்டுநர் ஒருவரின் படம் வந்தது. 28 வருடம் சரக்கு வண்டி ஓட்டியவர். ஓட்டுநர் பக்கக் கண்ணாடி வழியாக வெயில் விழுந்த இடது கன்னம் தடித்து, ஆழமாக வரி விழுந்து தொங்குகிறது. வலது பாதி வேறொரு மனிதருடையதைப் போல இருக்கிறது. அந்தப் படத்தை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

இந்த வயதில் பலன் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். ஆஸ்திரேலியாவில் நாம்பூர் என்ற ஊரில் 1992 முதல் 1996 வரை ஓர் ஆய்வு நடந்தது. 55 வயதுக்குக் குறைந்த 903 பேர். ஒரு பிரிவினர் தினமும் சன்ஸ்கிரீன் பூசினார்கள், மற்றவர்கள் தோன்றியபோது பூசினார்கள். இரு பிரிவினரின் புறங்கையிலும் தோல் வரிகளை அச்செடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நான்கரை வருட முடிவில், தினமும் பூசியவர்களுக்குத் தோல் மூப்பு மற்றவர்களைவிட 24 சதவீதம் குறைவு. இது 2013-ல் வெளியானது. அந்த 903 பேரில் உங்கள் வயதுக்காரர்களும் இருந்தார்கள்.

ஆகவே, முதல் மாதம் மூன்றே மூன்று பொருள். மென்மையான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். வேறு எதுவும் வேண்டாம்.

குளியல் சோப்பை முகத்துக்கு மட்டும் நிறுத்துங்கள். அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு சாதாரண சோப்பில் 9, 10 என்று இருக்கும். முகத்தோலின் மேற்பரப்பு 5-ஐ ஒட்டி இருக்கும். கழுவியதும் ‘கிறீச்’ என்று இருந்தால் சுத்தமாகிவிட்டது என்று நினைக்கிறோம். தோலின் காப்பு எண்ணெயும் சேர்ந்து போய்விட்டது என்று அதற்கு அர்த்தம். ராத்திரி ஒருமுறை ஃபேஸ்வாஷ் போதும், காலையில் வெறும் தண்ணீரே போதும். துடைத்து முடித்து, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் பூசுங்கள். கிளிசரின், செராமைடு என்று லேபிளில் இருந்தால் நல்லது. வாசனை இல்லாததாகப் பாருங்கள். விலைக்கும் குணத்துக்கும் சம்பந்தம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை, இதை அழுத்தியே சொல்கிறேன்.

சன்ஸ்கிரீன் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். வாங்குகிறவர்கள் அதிகம், போதுமான அளவு பூசுகிறவர்கள் மிகக் குறைவு. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நீட்டுங்கள். இரண்டு விரலின் அடியிலிருந்து நுனிவரை ஒவ்வொரு கோடு பிதுக்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இதுதான் அளவு. ‘இவ்வளவா!’ என்பீர்கள், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். லேபிளில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப்., அதாவது வெயில் காப்பு எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்துக் கிடைத்தது. விரல் நுனியில் தொட்டுப் பொட்டு வைப்பது மாதிரி பூசினால் 50 என்று எழுதியிருப்பது 50 ஆக வேலை செய்யாது. ஒரேயடியாகப் பூசினால் வெள்ளையாகத் தேங்கும். முதலில் ஒரு விரல் அளவை நெற்றி, கன்னங்கள், மூக்கு, தாடை என்று பரப்பி, இரண்டு நிமிடம் விட்டு அடுத்த விரல் அளவைப் பூசுங்கள். காது மடல், கழுத்தின் பக்கவாட்டு, புறங்கை மூன்றையும் விடாதீர்கள். முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பராமரித்த பெண்களின் வயதைக் கழுத்து காட்டிக்கொடுப்பதைத் தினமும் பார்க்கிறேன்.

எஸ்.பி.எஃப். 30 யூ.வி.பி. கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 சுமார் 98 சதவீதத்தை. வித்தியாசம் சொற்பம், அதனால் 30-ஓ அதற்கு மேலோ எதுவானாலும் சரி. ஆனால் யூ.வி.ஏ.வையும் தடுப்பதாக இருக்க வேண்டும்: ‘பிராட் ஸ்பெக்ட்ரம்’ என்ற சொல்லோ, பி.ஏ. என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மூன்று பிளஸ் குறியாவதோ இருக்கிறதா பாருங்கள். வெளியே வேலை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். வீட்டுக்குள்ளேயே இருக்கும் நாளில் காலையில் ஒருமுறை போதும். ஜன்னலை ஒட்டி உட்கார்ந்து வேலை செய்கிறவர் என்றால் மதியம் இன்னொரு முறை. தொப்பியும் குடையும் எந்த க்ரீமுக்கும் குறைந்தவை இல்லை.

கன்னத்துத் திட்டு பற்றி எழுதியிருந்தீர்கள். நிறமி அதிகமுள்ள மாநிற, கருநிறத் தோலில் மூப்பு பெரும்பாலும் சுருக்கமாக வருவதற்கு முன்னால் நிறத் திட்டாகவே வரும். இரண்டு கன்னத்திலும் ஒரே மாதிரி இருந்தால் அது மங்கு எனப்படும் மெலாஸ்மாவாக இருக்கலாம், ஒரு தோல் மருத்துவரிடம் நேரில் காட்டிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே இந்தத் திட்டை அதிகமாக்கும். அதைத் தடுப்பது அயர்ன் ஆக்சைடு சேர்ந்த, நிறமுள்ள டின்டட் சன்ஸ்கிரீன். உங்களுக்கு அதையே சிபாரிசு செய்வேன்.

ஒரு மாதம் இந்த மூன்றும் பழகி, முகத்தில் எரிச்சலோ இழுப்போ இல்லை என்றால், நான்காவதாக ஒன்றே ஒன்று சேர்க்கலாம். ரெட்டினால். வைட்டமின் ஏ குடும்பம். தோலுக்குள் போய் ரெட்டினாயிக் ஆசிடாக மாறி, கொலாஜன் அறுபடுவதைக் குறைத்து, புதிதாக உருவாகவும் தூண்டும். இந்தக் குடும்பத்தின் மூத்த மருந்து ட்ரெட்டினாய்ன். அமெரிக்காவில் 1971-ல் முகப்பருவுக்கென்று அனுமதி பெற்றது. பருவுக்குப் பூசிய நடுத்தர வயதுப் பெண்கள் தோல் வழவழப்பாகியிருக்கிறது, சுருக்கம் குறைந்திருக்கிறது என்று சொன்னதைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் காது கொடுத்துக் கேட்டார். 1986-ல் அவரும் சகாக்களும் அதை ஆய்வாக வெளியிட்டார்கள், 1995-ல் வெயில் மூப்புக்கும் அனுமதி கிடைத்தது. இதே கிளிக்மன் பிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1974 வரை கைதிகளின் உடம்பில் நடத்திய சோதனைகளுக்கு, அந்த நகர நிர்வாகம் 2022-ல் மன்னிப்புக் கேட்டது. இந்த மருந்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தக் கைதிகளையும் சேர்த்துச் சொல்லிவிடுவது என் வழக்கம்.

எப்படிப் பூசுவது என்பதற்கு, நான் தொழில் தொடங்கிய புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பள்ளி ஆசிரியை வந்தார். ட்ரெட்டினாய்ன் எழுதிக் கொடுத்து, ‘ராத்திரி பூசுங்கம்மா’ என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். பத்தாம் நாள் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தார். கைக்குட்டையை எடுத்தால், மூக்கின் இரண்டு ஓரமும் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து நிற்கிறது. உதட்டோரம் வாயைத் திறந்தாலே வெடிக்கும்படி பிளந்திருக்கிறது. ‘சீக்கிரம் சரியாகட்டும்னு காலையிலயும் போட்டேன் டாக்டர். பிரஷ்ஷுக்குப் பேஸ்ட் வைக்கிற அளவு எடுத்தேன்’ என்றார். உரிந்த இடம் ஆறிவிட்டது, ஆனால் அங்கே கருமை தங்கிவிட்டது. அது மறைய ஏழெட்டு மாதம் பிடித்தது. அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. அளவைச் சொல்லாமல் மருந்தைக் கொடுத்தவள் நான். அன்றிலிருந்து, விரல் நுனியில் பிதுக்கிக் காட்டாமல் ஒருவரையும் அனுப்பியதில்லை.

எனவே உங்களுக்கும் காட்டுவதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். ரெட்டினால் 0.1 முதல் 0.3 சதவீதம் உள்ளதாகத் தேர்ந்தெடுங்கள். முதலில் காதுக்குப் பின்னால் மூன்று நான்கு ராத்திரி பூசிப் பாருங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் முகத்துக்கு வாருங்கள். வாரத்தில் இரண்டு ராத்திரி, திங்களும் வியாழனும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகம் கழுவி, நன்றாகக் காயவிட்டு, முதலில் மாய்ஸ்சரைசர். அதன்மேல் ஒரு பட்டாணி அளவு ரெட்டினாலை நெற்றி, இரண்டு கன்னம், மூக்குத்தண்டு, தாடை என்று ஐந்து புள்ளியாக வைத்து மெல்லப் பரப்புங்கள். கண் இமை, மூக்கோரம், உதட்டோரம் மூன்றும் ஆகாது. உரியும் என்றால் அங்கேதான் முதலில் உரியும், அந்த இடங்களில் முன்கூட்டியே கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்ளலாம். ஒரு மாதம் இப்படிப் போனால் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கலாம். ஆரம்ப வாரங்களில் லேசாகக் காய்வதும் பொடிப்பொடியாக உதிர்வதும் இயல்பு. எரிந்தால் இயல்பில்லை, நிறுத்திவிடுங்கள். பூசிய மறுநாள் காலை சன்ஸ்கிரீன் கட்டாயம்.

உங்கள் பட்டியலில் மீதி இருப்பவை? டோனர் வேண்டாம். ஐ க்ரீம் என்று தனியாக வேண்டாம், அதே மாய்ஸ்சரைசரைக் கண்ணைச் சுற்றிப் பூசலாம். நைட் க்ரீமும் அதேதான். வைட்டமின் சி சீரம் நல்ல பொருள், ஆனால் மூன்று மாதம் கழித்து யோசிப்போம். வாங்கினால் சின்ன பாட்டிலாக வாங்குங்கள். காற்றும் வெளிச்சமும் பட்டு மஞ்சளாகி, பழுப்பாகிவிட்டால் அதன் வேலை முடிந்தது.

இன்றைக்கே அந்த ஜன்னலோரத்தில், விளக்குப் போடாமல் ஒரு படம் எடுத்துத் தேதி குறித்து வையுங்கள். அடுத்த படம் 12 வாரம் கழித்து, அதே நேரத்தில், அதே இடத்தில். நடுவில் தினமும் கண்ணாடியில் தேடாதீர்கள்.

கேள்வி: ரெட்டினால், கிளைகாலிக் ஆசிட், வைட்டமின் சி மூன்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்தேன். இப்போது தண்ணீர் பட்டாலே முகம் எரிகிறது. சிவந்து, பளபளவென்று இருக்கிறது. ‘முதலில் அப்படித்தான் இருக்கும், தாங்கிக்கொள்’ என்கிறாள் தோழி. (வயது 34)

பதில்: தாங்கிக்கொள்ளாதீர்கள். அந்தப் பளபளப்பு ஆரோக்கியம் இல்லை, மேல்தோலின் காப்பு உரிந்துபோன மினுமினுப்பு. மூன்றையும் இன்றே நிறுத்துங்கள். குளிர்ந்த தண்ணீரில் கழுவி, நுரை வரும் எதையும் தொடாமல், வாசனையில்லாத கெட்டியான மாய்ஸ்சரைசரை நாளுக்கு மூன்று நான்கு முறை பூசுங்கள். ராத்திரி அதன்மேல் மெல்லிய படலமாக வாசலின். சன்ஸ்கிரீனும் எரிந்தால் துத்தநாக ஆக்சைடு மட்டும் உள்ளதற்கு மாறுங்கள், அதுவும் எரிந்தால் குடையும் நிழலும்தான் வழி. இரண்டு மூன்று வாரத்தில் தோல் தன்னைத்தானே தைத்துக்கொள்ளும். ஒரு வாரமாகியும் எரிச்சல் குறையவில்லை, நீர் கசிகிறது, வீங்குகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள், ஒவ்வாமையாகவும் இருக்கலாம்.

சரியான பிறகு ஒன்றை மட்டும் ஆரம்பியுங்கள். அது பழகி ஒரு மாதம் ஆனபின் அடுத்தது. மூன்றையும் ஒன்றாகப் போட்டால், பலன் வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது, கெடுதல் வந்தாலும் எதனால் என்று தெரியாது.

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. சுருக்கம் வராமல் இருக்க இப்போதே ரெட்டினாலும் ஆசிட் சீரமும் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். வாங்கிக் கொடுக்கலாமா டாக்டர்?

பதில்: வேண்டாம். 13 வயதுத் தோல் செல்களைத் தானே வேகமாகப் புதுப்பித்துக்கொள்கிறது, கொலாஜனும் நிறைய இருக்கிறது. அதற்குமேல் தூண்டிவிட என்ன இருக்கிறது? எரிச்சலும் ஒவ்வாமையும்தான் மிஞ்சும். மென்மையான ஃபேஸ்வாஷ், தேவைப்பட்டால் லேசான மாய்ஸ்சரைசர், காலையில் சன்ஸ்கிரீன். சன்ஸ்கிரீனை மட்டும் அவளுக்குப் பிடித்ததாக அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் தினமும் பூசுவாள். பரு வந்தால் அதற்குத் தனி வைத்தியம் உண்டு, அழைத்துவாருங்கள்.

க்ரீமைவிட எனக்குக் கவலை தருவது வேறு. இன்னும் வளர்ந்தே முடியாத முகம் கெட்டுப்போய்விடுமோ என்ற பயம் ஒரு குழந்தைக்கு எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள். அவள் எதிரில் கண்ணாடியைப் பார்த்து ‘கிழவியாகிவிட்டேன்’ என்று நீங்கள் சொல்லுவது உண்டென்றால், அதையும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: ரெட்டினால் பூசிக்கொண்டிருந்தேன். நேற்றுத்தான் கர்ப்பம் என்று தெரிந்தது. ஆறு வாரம். பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: வாழ்த்துகள் அம்மா. ரெட்டினாலை இன்றே நிறுத்துங்கள். ட்ரெட்டினாய்ன், அடாபலீன், டாஜரோட்டீன் எல்லாம் அதே குடும்பம், அவையும் கூடாது. குழந்தைக்குக் கடும் குறைபாடு உண்டாக்கும் என்று உறுதியாகத் தெரிந்தவை இந்தக் குடும்பத்தில் வாயால் சாப்பிடும் ஐசோட்ரெட்டினாய்ன் போன்ற மாத்திரைகள். பூசுவதில் ரத்தத்துக்குள் போவது மிகச் சொற்பம். ஆனாலும் முன்னெச்சரிக்கையாகத்தான் கர்ப்பத்தில் வேண்டாம் என்று விலக்கிவைக்கிறோம். ஆகவே இதுவரை பூசியதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த பரிசோதனையில் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் எந்தப் பொருள், எத்தனை சதவீதம் என்று சொல்லிவிடுங்கள், பாட்டிலையே கொண்டுபோய்க் காட்டினால் இன்னும் நல்லது. சன்ஸ்கிரீன், மாய்ஸ்சரைசர், வைட்டமின் சி தொடரலாம். கர்ப்பத்தில் மங்கு விழுவது சகஜம் என்பதால் சன்ஸ்கிரீனை ஒருநாளும் விடாதீர்கள்.

கேள்வி: ஆண்களுக்கும் இதெல்லாம் உண்டா? வயது 51. தினமும் ஷேவ் செய்கிறேன். முன்தலை வழுக்கை.

பதில்: உண்டு சார், அதே மூன்று பொருள்தான். கூடுதலாக, வழுக்கைக்கும் காது மடலுக்கும் சன்ஸ்கிரீனோ தொப்பியோ கட்டாயம். ஷேவ் செய்ததும் ஆல்கஹால் கலந்த லோஷனைத் தட்டிக்கொள்ளும் பழக்கம் இருந்தால் விட்டுவிட்டு மாய்ஸ்சரைசர் பூசுங்கள். ரெட்டினால் தொடங்கினால், பூசிய மறுநாள் காலையில் பிளேடை அழுத்தாமல் ஷேவ் செய்யுங்கள். புகைபிடிக்கிறவர் என்றால் வெயிலுக்கு அடுத்தபடியாகக் கொலாஜனை அழிப்பது அதுதான், அதை விடாமல் எந்த சீரத்துக்கும் செலவு செய்யாதீர்கள். உச்சந்தலையில் ஆறாத புண்ணோ, சொரசொரப்பாகத் திரும்பத் திரும்ப வரும் பொருக்கோ இருந்தால் க்ரீமை மறந்துவிட்டு நேரே மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: சொந்தக்காரர் ஒருவர் ஒரு க்ரீம் கொடுத்தார். லேபிள் கிடையாது. பத்தே நாளில் முகம் வெளுத்து, சுருக்கமெல்லாம் போய் மினுமினுத்தது. நான்கு மாதமாகப் போடுகிறேன். இரண்டு நாள் நிறுத்தினால் சிவந்து, அரித்து, பொங்கிவிடுகிறது. (வயது 39)

பதில்: உங்கள் கடிதத்தைத்தான் இந்த மாதம் முதலில் பிரித்துப் படித்தேன், அச்சில் வரும்வரை காத்திருக்காமல் உங்களுக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன். பத்து நாளில் வெளுத்து மினுமினுக்க வைத்து, நிறுத்தினால் பொங்கும் க்ரீம் என்றால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறது என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும். க்ளோபீட்டசால், பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன் என்பவை அதன் பெயர்கள். மருத்துவர் கையில் இவை அருமையான மருந்துகள், சில நாட்களுக்கு, குறிப்பிட்ட இடத்துக்கு. மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் காகிதமாக மெலியும். ரத்தக்குழாய்கள் சிவப்பு நூலாகத் தெரியும், பருவும் மென்முடியும் வரும். கொலாஜனையும் கரைக்கும். அதாவது இளமைக்கென்று பூசியது தோலைக் கிழடாக்கும்.

நீங்களாகவே திடீரென்று நிறுத்திவிட்டுத் தவிக்க வேண்டாம். தோல் மருத்துவரிடம் அந்த டப்பாவோடு போங்கள், வெட்கப்படாதீர்கள். வீரியத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, நடுவில் எரிச்சலை அடக்கும் வேறு மருந்து கொடுத்து, மெல்ல மீட்டுவிடலாம். வாரக்கணக்கில் ஆகாது, மாதக்கணக்கில் ஆகும், ஆனால் மீளும். வெளுக்க வைக்கும் சில க்ரீம்களில் பாதரசமும் கலக்கிறார்கள். அது தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். லேபிளில் ‘கலோமெல்’, ‘மெர்க்குரஸ் குளோரைடு’ என்று இருந்தாலும், லேபிளே இல்லாவிட்டாலும் வீட்டுக்குள் விடாதீர்கள். அந்தச் சொந்தக்காரரிடமும் சொல்லுங்கள். அவரும் பூசிக்கொண்டிருப்பார்.

கேள்வி: மாதவிடாய் நின்று இரண்டு வருடம். அதற்கப்புறம்தான் முகம் சட்டென்று தளர்ந்த மாதிரி இருக்கிறது. பிரமையா? (வயது 53)

பதில்: பிரமை இல்லை. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் தோலின் கொலாஜன் வேகமாகக் குறைகிறது. முதல் ஐந்து வருடத்தில் சுமார் 30 சதவீதம்வரை போய்விடும், பிறகு அந்த வேகம் தணியும். எண்ணெய்ச் சுரப்பும் குறைவதால் நேற்றுவரை போதுமானதாக இருந்த லோஷன் இன்று போதாது. செராமைடு உள்ள கெட்டியான க்ரீமுக்கு மாறுங்கள். ரெட்டினால் ஆரம்பிக்கலாம், வாரம் ஒரே ஒரு ராத்திரியில் தொடங்கி நிதானமாகக் கூட்டுங்கள். ஹார்மோன் மாத்திரையை முகத்துக்காக எடுக்க வேண்டாம். உடம்புச் சூடு, தூக்கமின்மை என்று வேறு தொந்தரவு இருந்தால் மகளிர் மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

கேள்வி: எனக்கு 74 வயது. முன்னங்கைத் தோல் மெலிந்து, லேசாக உரசினாலே கன்றிப்போகிறது, கிழிகிறது. பேத்தி க்ரீம் வாங்கிக்கொண்டு வந்து பூசச் சொல்கிறாள். இனிமேல் பூசி என்னம்மா ஆகப்போகிறது?

பதில்: ஆகும் அம்மா. 2007-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதில் கலந்துகொண்ட 36 பேரின் சராசரி வயது 87. முதல் கேள்விக்கான பதிலில் பார்க்கச் சொன்னேனே, அந்த மேற்கையின் உட்பக்கம், அங்கேதான் 0.4 சதவீத ரெட்டினால் லோஷனை வாரத்துக்கு மூன்று முறைவரை பூசினார்கள். வெயில் படாமல், வயதினால் மட்டும் மெலிந்த தோல் அது. 24 வாரத்தில் மெல்லிய சுருக்கங்கள் குறைந்தன, கொலாஜன் உற்பத்தியும் கூடியது. 87 வயதுத் தோல் பதில் சொன்னது என்றால் உங்கள் தோலும் சொல்லும்.

ஆனால் உங்களுக்கு முதலில் ரெட்டினால் வேண்டாம். கிழிகிற தோலை முதலில் தேற்ற வேண்டும். இளஞ்சூடான தண்ணீரில் குளியுங்கள், கொதிக்கக் கொதிக்க வேண்டாம். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். மூன்று நிமிடத்துக்குள், ஈரம் இருக்கும்போதே கெட்டியான மாய்ஸ்சரைசரைக் கையிலும் காலிலும், முடி சாய்ந்திருக்கும் திசையில், அழுத்தாமல் தடவுங்கள். ராத்திரி இன்னொரு முறை. மெலிதான முழுக்கைச் சட்டை முன்னங்கைக்கு நல்ல காப்பு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று உங்கள் மருத்துவர் ஒருமுறை பார்த்துவிடட்டும். கன்றிப்போவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மூன்று மாதம் கழித்துத் தோல் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள், ரெட்டினாலைப் பற்றி அப்போது பேசலாம். முதுகில் கை எட்டாத இடத்துக்குப் பேத்தியைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.